வட்டுப் படிமம்: வீட்டுக் கணினி இயங்குதளத்தின் காப்புநகல்

வட்டுப் படிமம் என்பது ஒரு கணினியின் வன்தட்டில் அல்லது எஸ்.எஸ்.டி. வட்டில் உள்ள அனைத்தையும், அவை இருந்த அதே அமைப்போடு, ஒரே கோப்பாகவோ சில கோப்புகளின் தொகுதியாகவோ பதிந்து வைக்கும் நகல் ஆகும். இயங்குதளம், நிறுவப்பட்ட மென்பொருள்கள், அவற்றின் அமைப்புகள், வன்பொருள் இயக்கிகள், பயனர் கணக்குகள், கோப்புகள் என எல்லாம் இதில் அடங்கும். கணினி தொடங்காமல் போனாலோ வட்டே பழுதானாலோ, இந்தப் படிமத்தை அதே வட்டிலோ புதிய வட்டிலோ திரும்ப எழுதலாம். அப்போது கணினி, படிமம் எடுத்த நாளில் இருந்த நிலைக்குத் திரும்பும்.

ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் பென்டிரைவில் நகலெடுத்து வைப்பதும் காப்புநகலே. ஆனால் அது கோப்புகளை மட்டும் காக்கும். கணினியை மீண்டும் இயங்க வைக்காது. வட்டுப் படிமம் இரண்டையும் செய்யக்கூடியது. எனினும், படிமம் எடுத்தாயிற்று என்பதால் மட்டும் காப்பு உறுதியாகிவிடுவதில்லை. அது கணினிக்கு வெளியே, இணைப்பு இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறது என்று முன்னரே சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத படிமம் தேவைப்படும் நாளில் பயன்படாமல் போகலாம்.

கோப்புகளை நகலெடுத்தால் போதாதா?

விண்டோஸ் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்தாலும், அந்த வட்டிலிருந்து கணினி தொடங்காது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, இயங்குதளம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்றைய கணினிகளில் ஒரு வட்டு பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரல், ஃபேட்32 கோப்பு முறைமையில் அமைந்த ஒரு தனிப் பிரிவில் இருக்கும். விண்டோஸும் மென்பொருள்களும் என்.டி.எஃப்.எஸ். முறைமையில் அமைந்த 'சி' பிரிவில் இருக்கும். பழுது நீக்கும் கருவிகள் மற்றொரு பிரிவில் இருக்கும். இவற்றில் 'சி' பிரிவு மட்டுமே பயனரின் கண்ணுக்குத் தெரிவது வழக்கம். எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம் வட்டின் தொடக்கத்தில் உள்ள பிரிவு அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். கோப்புகளை நகலெடுக்கும்போது இந்த அட்டவணையும் மறைந்துள்ள பிரிவுகளும் விடுபட்டுப் போகின்றன.

இரண்டாவது, இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தன் முக்கியக் கோப்புகள் சிலவற்றைப் பூட்டி வைத்திருக்கும். மென்பொருள்களின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகள் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றைச் சாதாரண முறையில் நகலெடுக்க முடியாது.

மூன்றாவது, ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், யார் திறக்கலாம், எது எதனோடு இணைக்கப்பட்டுள்ளது என்ற விவரங்கள் உண்டு. வேறு முறைமையில் அமைந்த வட்டுக்கு நகலெடுக்கும்போது இவை அழிந்துவிடலாம்.

படிமம் இல்லாத நிலையில் இயங்குதளம் கெட்டுப்போனால், எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டும். விண்டோஸை நிறுவுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடும். அச்சுப்பொறியின் இயக்கி, கணக்கு மென்பொருளின் உரிமக் குறியீடு, உலாவியின் அமைப்புகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்க்க நாள்கள் ஆகும். தமிழில் தட்டச்சு செய்வோருக்கு விசைப்பலகை மென்பொருளும், பாமினி போன்ற யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களும் இந்தப் பட்டியலில் சேரும். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அதில் எழுதிய பழைய ஆவணங்கள் படிக்க முடியாத குறிகளாகவே தெரியும். நிறுவல் கோப்பு இன்று கிடைக்காத பழைய மென்பொருள்களைக் காப்பதற்கும் படிமமே எளிய வழி.

படிமம் உருவாகும் விதம்

வட்டில் தரவு சிறு சிறு துண்டங்களாக எழுதப்படுகிறது. படிம மென்பொருள் கோப்புகளின் பெயரைப் பார்த்து நகலெடுப்பதில்லை; இந்தத் துண்டங்களை வரிசையாகப் படித்துப் பதிகிறது. இதில் இரண்டு முறைகள் உள்ளன.

முழுத்துண்ட முறையில், வட்டின் முதல் துண்டத்திலிருந்து கடைசித் துண்டம் வரை, வெற்றிடம் உட்பட, அனைத்தும் நகலாகும். 500 ஜிகாபைட் வட்டில் 120 ஜிகாபைட் மட்டுமே பயன்பட்டிருந்தாலும் 500 ஜிகாபைட்டும் படிக்கப்படும். அழிக்கப்பட்ட கோப்புகளின் எச்சங்களையும் ஆராய வேண்டிய தடயவியல் துறையினருக்கும், பழுதான வட்டிலிருந்து தரவை மீட்போருக்கும் இம்முறை ஏற்றது.

பயன்பாட்டுத்துண்ட முறையில், மென்பொருள் முதலில் கோப்பு முறைமையைப் படித்து, எந்தத் துண்டங்களில் தரவு உள்ளது என்று அறிந்து, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேற்சொன்ன வட்டில் 120 ஜிகாபைட் மட்டும் படிக்கப்பட்டு, அதுவும் சுருக்கப்பட்டுச் சேமிக்கப்படும். வீட்டுப் பயன்பாட்டுக்கு இதுவே பொருத்தமானது.

படிமம் எடுக்கும்போது கணினி இயங்கலாமா என்பது அடுத்த கேள்வி. வட்டைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கோப்புகள் மாறினால், நகலின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். விண்டோஸில் உள்ள நிழற்படிச் சேவை இதற்குத் தீர்வு தருகிறது. அது ஒரு குறிப்பிட்ட நொடியில் வட்டின் நிலையை உறைய வைத்ததுபோல் காட்டும். அதன்பின் மாறும் துண்டங்களின் பழைய வடிவத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே பயனர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே படிமம் எடுக்க முடிகிறது. மற்றொரு வழி, கணினியை அணைத்துவிட்டு, யு.எஸ்.பி. பென்டிரைவில் உள்ள வேறொரு சிறு இயங்குதளத்தைக் கொண்டு அதைத் தொடங்கிப் படிமம் எடுப்பது. அப்போது வட்டில் எதுவும் மாறாது.

குளோன் என்பது படிமத்தோடு தொடர்புடைய மற்றொரு முறை. இதில் ஒரு வட்டின் உள்ளடக்கம் நேரடியாக மற்றொரு வட்டில் எழுதப்படும். பழைய வன்தட்டிலிருந்து புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாறுவோர் இதையே செய்கின்றனர். குளோன் ஒரு வட்டு முழுவதையும் தனக்கென எடுத்துக்கொள்ளும். படிமமோ ஒரு கோப்பு என்பதால், ஒரே வெளிவட்டில் பல நாள்களின் படிமங்களை வைத்துக்கொள்ளலாம்.

வரலாறு

1970களில் யுனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்ற 'டிடி' என்ற கட்டளை, துண்டம் துண்டமாக நகலெடுக்கும் கருவிகளில் பழைமையானது. லினக்ஸிலும் மேக் கணினிகளிலும் இன்றும் அது உள்ளது. எதைப் படிப்பது, எதில் எழுதுவது என்ற இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், காக்க வேண்டிய வட்டையே அது எந்தக் கேள்வியும் கேட்காமல் அழித்துவிடும்.

தனிக்கணினிகளில் படிமம் எடுப்பதைப் பரவலாக்கியது 'கோஸ்ட்' மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரி ஹசார்ட் 1990களின் நடுவில் இதை உருவாக்கினார். 1998இல் சிமான்டெக் நிறுவனம் இதை வாங்கியது; நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் இது புகழ்பெற்றது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அதன் படிமத்தை மற்ற கணினிகளில் எழுதும் வழக்கம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பரவியது. 2013இல் நார்ட்டன் கோஸ்ட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது.

2009இல் வெளிவந்த விண்டோஸ் 7, படிமம் எடுக்கும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பலகத்திலும் விண்டோஸ் 7இன் பெயரோடு அது நீடிக்கிறது. ஆனால் 2017இல் மைக்ரோசாஃப்ட் அதை இனி மேம்படுத்தப்படாத வசதிகளின் பட்டியலில் சேர்த்து, பிற நிறுவனங்களின் படிம மென்பொருள்களைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது.

மென்பொருள்கள்

கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்களில் குளோன்சில்லா பரவலாக அறியப்பட்டது. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் இது உருவானது. இதைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் வட்டுகளையும் கையாளும். இதில் இரண்டு குறைகள் உண்டு. படிமத்தைத் திறந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுக்கும் வசதி இல்லை. மீட்டெடுக்கும் வட்டு, மூல வட்டின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

விண்டோஸுக்குள்ளிருந்தே இயங்கும் வணிக மென்பொருள்களில் மேக்ரியம் ரிஃப்ளெக்ட், அக்ரோனிஸ் போன்றவை அறியப்பட்டவை. இவற்றில் படிமத்தை ஒரு வட்டைப்போலத் திறந்து தனிக் கோப்புகளை எடுக்கலாம். இலவசப் பதிப்புகள் எப்போதும் நிலைத்திருக்கும் என்று நம்ப முடியாது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. ஒரு மென்பொருளின் படிமத்தை மற்றொன்று பெரும்பாலும் படிக்காது. ஆகவே படிமத்தோடு, அதை எடுத்த மென்பொருளின் துவக்கப் பென்டிரைவையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

படிமம் எடுக்கும் முறை

மென்பொருள் எதுவானாலும் வேலை ஒரே ஒழுங்கில்தான் நடக்கும்.

1. தேவையற்ற கோப்புகளை நீக்கி, தீநிரல் சோதனை செய்து, கணினி சரியாக இயங்குகிறது என்று உறுதி செய்தல். கெட்ட நிலையில் எடுத்த படிமம் அந்தக் கெட்ட நிலையையே திருப்பித் தரும்.

2. போதிய இடமுள்ள வெளிவட்டை இணைத்தல். ஃபேட்32 முறைமையில் அமைந்த வட்டு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. அதனால் வெளிவட்டு என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறைமையில் இருப்பது நல்லது. விண்டோஸின் சொந்தப் படிம வசதிக்கு என்.டி.எஃப்.எஸ். கட்டாயம்.

3. துவக்கப் பென்டிரைவை உருவாக்குதல். இதைப் படிமம் எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கணினி கெட்டபின் இதை உருவாக்க வேறொரு கணினியைத் தேட வேண்டியிருக்கும்.

4. 'சி' பிரிவை மட்டுமல்லாமல், மறைந்துள்ள துவக்கப் பிரிவையும் மீட்புப் பிரிவையும் சேர்த்துத் தெரிவு செய்தல்.

5. மடிக்கணினியாயின் மின்னிணைப்பில் வைத்தும், மேசைக்கணினியாயின் முடிந்தவரை யு.பி.எஸ். துணையோடும் படிமம் எடுத்தல். இடையில் மின்சாரம் நின்றால் படிமம் முழுமையடையாது.

6. முடிந்ததும் சரிபார்ப்பு வசதியை இயக்குதல். பிறகு வெளிவட்டைக் கழற்றி, தேதியும் கணினியின் பெயரும் எழுதி வைத்தல்.

ஆகும் நேரம் இணைப்பின் வேகத்தைப் பொறுத்தது. 120 ஜிகாபைட் தரவு, நொடிக்கு 35 மெகாபைட் வேகத்தில் எழுதும் பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். நொடிக்கு 100 மெகாபைட் வேகம் கிடைக்கும் யு.எஸ்.பி. 3.0 வன்தட்டில் 20 நிமிடங்களில் முடியும். சுருக்கிச் சேமிக்கும்போது எழுத வேண்டிய அளவும் குறையும்.

முழுப் படிமம், வேறுபாட்டுப் படிமம், தொடர் படிமம்

ஒவ்வொரு வாரமும் முழுப் படிமம் எடுத்தால் வெளிவட்டு விரைவில் நிறைந்துவிடும். ஆகவே முதலில் ஒரு முழுப் படிமம் எடுத்து, பின்னர் மாற்றங்களை மட்டும் பதியும் முறைகள் உள்ளன. வேறுபாட்டுப் படிமம், முழுப் படிமத்துக்குப் பின் மாறிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் பதியும். மீட்க முழுப் படிமமும் கடைசி வேறுபாட்டுப் படிமமும் இருந்தால் போதும். தொடர் படிமம், அதற்கு முந்தைய படிமத்துக்குப் பின் மாறியதை மட்டும் பதியும். அளவு சிறிது, ஆனால் சங்கிலிபோல் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்த தொடர் படிமங்களில் புதன்கிழமையுடையது பழுதானால், வியாழன், வெள்ளி இரண்டும் பயனற்றவை. வீட்டுக் கணினிக்குச் சில மாதங்களுக்கு ஒரு முழுப் படிமமும் இடையில் வேறுபாட்டுப் படிமங்களும் எளிய ஏற்பாடு.

மீட்டமைத்தல்

கணினி தொடங்காத நிலையில், துவக்கப் பென்டிரைவையும் வெளிவட்டையும் இணைத்து, கணினியின் துவக்கப் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினி தயாரிப்பாளரைப் பொறுத்து இதற்கான விசை எஃப்12, எஃப்2, டெலிட் என வேறுபடும். பின்னர் படிமத்தையும், அதை எழுத வேண்டிய வட்டையும் குறிப்பிட வேண்டும். இந்த இடத்தில்தான் பெருந்தவறு நேரக்கூடும். எழுதப்படும் வட்டில் முன்பிருந்த அனைத்தும் அழிந்துவிடும். வட்டின் பெயரையும் அளவையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பழைய வட்டு இன்னும் படிக்கக்கூடிய நிலையில் இருந்தால், படிமம் எடுத்த பின் உருவான கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். சென்ற மாதப் படிமத்தை எழுதினால் இம்மாதம் எடுத்த ஒளிப்படங்கள் போய்விடும். இதனால்தான் படிமத்தோடு, அன்றாடக் கோப்புகளுக்கெனத் தனிக் காப்புநகலும் தேவைப்படுகிறது.

முற்றிலும் வேறான கணினியில் படிமத்தை எழுதினால், வன்பொருள் இயக்கிகள் பொருந்தாமல் அது தொடங்காமல் போகலாம். தொடங்கினாலும், வன்பொருளோடு பிணைக்கப்பட்ட விண்டோஸ் உரிமத்தை மீண்டும் செயற்படுத்த வேண்டியிருக்கும்.

சோதிக்கப்படாத காப்புநகல்

மென்பொருள் 'வெற்றி' என்று காட்டினால் படிமம் நல்லது என்று எண்ணிவிட முடியாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் குறிமுறைகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் இணையதளத்தில், ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் அழிப்புக் கட்டளையை இட்டதால் முதன்மைத் தரவுத்தளம் அழிந்தது. அன்றாடக் காப்புநகல் நெடுநாளாகவே தோல்வியடைந்து வந்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது. மென்பொருளின் பதிப்புகள் பொருந்தாததே காரணம். தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலைக் கொண்டு தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட மணி நேரங்களின் தரவு தரவுத்தளத்திலிருந்து போயிற்று. பொறியாளர்கள் பலர் பணியாற்றிய நிறுவனத்திலேயே இப்படி நேர்ந்திருக்கிறது. வீட்டில் காப்புநகலைக் கண்காணிக்கவோ பெரும்பாலும் யாருமில்லை.

வீட்டில் சோதிக்க மூன்று படிகள் உண்டு. ஒன்று, படிமத்தின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பதிவான எண்ணோடு ஒப்பிடுதல். மென்பொருளின் சரிபார்ப்பு வசதி இதையே செய்கிறது. இரண்டு, படிமத்தைத் திறந்து சில கோப்புகளை எடுத்துப் பார்த்தல். மூன்று, துவக்கப் பென்டிரைவால் கணினியைத் தொடங்கி, படிமம் உள்ள வெளிவட்டு அங்கே தெரிகிறதா என்று பார்த்தல். பயன்படாத பழைய வட்டு ஒன்று இருந்தால் அதில் முழுமையாக எழுதித் தொடங்கிப் பார்ப்பது எல்லாவற்றிலும் உறுதியான சோதனை.

எங்கே வைப்பது?

அதே வட்டின் 'டி' பிரிவில் வைத்த படிமம், வட்டு பழுதானால் அதனோடு அழியும். எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் வெளிவட்டுக்கு வேறு ஆபத்து உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல், கணினியின் கோப்புகளை மட்டுமன்றி இணைக்கப்பட்டிருந்த வெளிவட்டுகளில் உள்ளவற்றையும் மறையாக்கம் செய்து பணம் கேட்டது. விண்டோஸின் நிழற்படிகளையும் அழிக்க முயன்றது. வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்பட்ட வட்டை இத்தகைய தீநிரல் எட்ட முடியாது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இதற்கு நல்ல வழிகாட்டி. தரவுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு இடத்தில். வீட்டுக் கணினியில் உள்ளது ஒன்று, வெளிவட்டில் உள்ளது இன்னொன்று, உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ உள்ளது மூன்றாவது எனக் கொள்ளலாம். திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து காப்பது இந்த மூன்றாவது பிரதியே.

மறையாக்கமும் அந்தரங்கமும்

படிமத்தில் சேமித்த கடவுச்சொற்கள், வங்கி ஆவணங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும். பிட்லாக்கர் மறையாக்கம் உள்ள கணினியில் விண்டோஸ் இயங்கும்போது எடுக்கும் படிமம், பெரும்பாலும் மறையாக்கம் நீங்கிய நிலையிலேயே சேமிக்கப்படும். ஆகவே படிமத்துக்கே கடவுச்சொல் இடுவது நல்லது. ஆனால் அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் படிமமும் தொலைந்ததாகும். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. கோப்புகள் அழியாதிருந்தும் அவை தொடங்க மறுத்தன. பழுதை நீக்க வட்டைத் திறக்க வேண்டியிருந்ததால், பிட்லாக்கர் இருந்த பல கணினிகளில் இந்தத் திறவுகோல் தேவைப்பட்டது.

எப்போது எடுக்க வேண்டும்?

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து முடித்த நாள், முதல் படிமத்துக்கு ஏற்ற நாள். இது தூய நிலைப் படிமம். அழிக்காமல் வைத்திருக்கத் தக்கது. அதன்பின் பெரிய புதுப்பிப்புக்கு முன்னும், வட்டை மாற்றுவதற்கு முன்னும், லினக்ஸை உடன் நிறுவுவதற்காக வட்டுப் பிரிவுகளை மாற்றுவதற்கு முன்னும் எடுக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பலர் விண்டோஸ் 11க்கோ லினக்ஸுக்கோ மாறி வருகின்றனர். புதிய இயங்குதளத்தில் அச்சுப்பொறியோ பழைய மென்பொருளோ இயங்காவிட்டால், மாறுவதற்கு முன் எடுத்த படிமம் இருந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். வட்டில் விந்தையான ஒலியோ, கோப்புகளைத் திறப்பதில் வழக்கத்துக்கு மாறான தாமதமோ தென்பட்டால், வேறெந்த வேலைக்கும் முன் முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டுப் பின்னர் படிமம் எடுக்க முயல வேண்டும்.